வீராணத்து ஜிலேபி

வீராணம் ஏரிக்கரைச் சாலையோரம் புளியமரத்தடியில் தார்ப்பாய் விரித்திருக்கிறது. அலுமினியக் குண்டானில் கெளுத்தி தனியாக நெளிகிறது. தார்ப்பாயில் கொட்டிக் கிடப்பதெல்லாம் ஜிலேபி. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம். ஒன்றிரண்டு மட்டும் மைக்கறுப்பாக, துடுப்போரம் சிவந்து, தாடைக்கடியில் வெளுத்திருக்கின்றன. அவை ஆண் மீன்கள்; இணை சேரும் பருவத்தில் அப்படிக் கறுக்கும்.

பைக்கில் உட்கார்ந்தபடியே ஒருவர் கேட்கிறார்.

"வெரால் இருக்காக்கா?"

"வெரால் விடிகாலையே போயிடுச்சு தம்பி. ஜிலேபி எடுத்துக்க. உசுரு மீனு."

யோசித்து வண்டியை அணைக்கிறார். ஒரு கிலோ. ஆஞ்சு தரச் சொல்லிவிட்டு நிழலுக்கு ஒதுங்குகிறார்.

மீன் விற்கிற அம்மா மீனைப் பிடிக்கிற விதமே தனி. தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவி, முதுகுமுள்ளைப் படியவைத்துக்கொண்டுதான் தூக்குகிறார். இல்லாவிட்டால் உள்ளங்கை கிழியும். அரிவாள்மனையில் துடுப்பு போகிறது, செதில் தெறிக்கிறது, செவுளோடு குடல் வருகிறது. அடுத்த மீனின் வாய் பிளந்ததும் மஞ்சள் மஞ்சளாக முட்டைகள் தார்ப்பாயில் உருள்கின்றன. கை நிற்கிறது.

"வாயில வச்சிருக்கா, பாவம்."

ஆண் மீன் சேற்றில் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரிந்து நீந்தப் பழகும்வரை வாய்தான் தொட்டில். அத்தனை நாளும் தாய்க்கு இரை கிடையாது. வெளியே மேயும் குஞ்சுகள் ஏதாவது நிழலாடினால் மறுபடி ஓடிவந்து அந்த வாய்க்குள்ளேயே புகுந்துகொள்ளும். இப்படிக் காப்பாற்றுவதால்தான் போட்ட குளமெல்லாம் பெருகுகிறது.

பக்கத்தில் குந்தியிருக்கும் பேத்தி ஒரு முட்டையை விரலால் தொட்டுப் பார்க்கிறாள்.

"ஆயா, இது இனிக்குமா? இனிக்காதுன்னா ஏன் ஜிலேபி?"

"ஒங்க தாத்தன் வலை போட்ட காலத்துலேருந்தே அதான் பேரு."

குழந்தை கேட்டதற்கு விடை தெற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சுவானா மக்களின் பேச்சில் 'ட்லாப்பி' என்றால் மீன். எந்த மீனானாலும் ட்லாப்பிதான். ஸ்காட்லாந்து விலங்கியலாளர் ஆண்ட்ரூ ஸ்மித் 1840இல் அதற்கு இலத்தீன் சாயல் கொடுத்து, ஒரு பேரினத்துக்குத் 'திலாப்பியா' என்று பெயரிட்டார். நம்மிடம் வந்த மொசாம்பிக் வகையை அறிவியல் பின்னாளில் வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டது. பேச்சில் பழைய பெயரே நின்றது. 1952இல் இந்த மீன் இந்தியாவுக்கு வந்தபோது, திலாப்பியா நம் நாக்கில் புரண்டு, ஏற்கெனவே பழகிய பலகாரத்தின் பெயராகிவிட்டது. அந்தப் பலகாரமும் பாரசீகப் பக்கமிருந்து பெயரோடு வந்ததுதான்.

மற்ற நாடுகளில் இந்த மீனின் பெயருக்கு வேறு கதை. ஜாவாவில் இதை வளர்த்துக் காட்டியவர் மூஜாயிர் என்பவர். அங்கே மீனுக்கே மூஜாயிர் என்று பெயர். தைவானுக்கு 1946இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோனவர்கள் ஊ, குவோ என்ற இருவர். இரண்டு குடும்பப் பெயரும் சேர்ந்து அங்கே மீனின் பெயராயிற்று. நன்றி சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவிலோ 1959லேயே, இனி இதைப் பரப்பக் கூடாது என்று தடை வந்தது. இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கும் மீன், நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. தடை நியாயமானதுதான். ஆனால் கூலி வேலை முடிந்து வருகிறவர்கள் வீட்டில் மீன்குழம்பு கொதிக்க வைத்ததும் இதே மீன்தான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று இதன் தாய்மண்ணான தெற்கு ஆப்பிரிக்காவின் ஆறுகளில், வளர்ப்புக்காக வந்த நைல் திலாப்பியாவோடு கலந்து கலந்து, தூய இனம் குறைந்துகொண்டே வருகிறது.

நடவு முடிந்து சேற்றுக்காலோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள்.

"அம்பது ரூவாய்க்கு வருமாக்கா? போன தடவ சேத்து வாடை அடிச்சுது."

"வரும், வரும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நல்லா ஒரசிக் கழுவு. புளியக் கொஞ்சம் தூக்கலா கரைச்சு ஊத்து. வாடை எங்க இருக்கும்?"