இரண்டே கால் பவுன்

நகைக்கடைகளுக்கு நடுவே வழக்கறிஞர் அலுவலகம் வைத்திருந்தால், வருகிறவர்கள் எதையும் பவுன் கணக்கில்தான் யோசிப்பார்கள். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டு மாடியில் அப்போது இருந்தேன். செம்பவாங்கிலிருந்து வந்த அந்த அக்காவுக்கு ஆய்வக அறிக்கையைப் படித்துக் காட்டியதும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"பதினெட்டு கிராமா? ரெண்டே கால் பவுனுதானே தம்பி. இதுக்கா இவ்ளோ?"

மகனுக்கு 24 வயது. விடியற்காலையில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு வந்த அதிகாரிகள், அவன் அலமாரியில் பழைய மைலோ டின்னுக்குள் இரண்டு பொட்டலம் கஞ்சாவை எடுத்திருந்தார்கள். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். மைலோ டின்னை மாற்றவில்லை.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் கஞ்சாவுக்கு 15 கிராம் என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குள் இருந்தால் வைத்திருந்த குற்றம். அதிகபட்சம் பத்தாண்டுச் சிறை, 20,000 வெள்ளி அபராதம், அல்லது இரண்டும். கோட்டைத் தாண்டினால் விற்கத்தான் வைத்திருந்தான் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவன் பாடு. நிரூபிக்க முடியாவிட்டால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை, ஐந்து பிரம்படி. 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு வரை போகும். பையன் தாண்டியிருந்தது மூன்று கிராம் சொச்சம், அரைப் பவுன்கூட இல்லை.

அக்கா பேசப் பேச எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அவன் கஞ்சா அடிக்கிறவன் இல்ல தம்பி. எப்பவாவது, கூட்டாளிங்க குடுத்தா இருக்கும். பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிற பையன்." மாமனார் அந்தக் காலத்துக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் மூன்று தலைமுறையாக இவர்களைத் தெரியும். எந்தத் தாயும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னபடி பார்த்தால் மகனுக்குப் பிரம்படி நிச்சயம். எப்பவாவது இழுக்கிறவனுக்குப் பதினெட்டு கிராம் எதற்கு?

இந்தச் சட்டப் பிரிவில் வழக்காடுகிறவர்களுக்கு இது பழகிய முரண். நாளுக்கு எவ்வளவு குடிப்பான், கையிலிருந்தது எத்தனை நாளுக்கு வரும், அதை வாங்க அவனிடம் பணம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். பையன் மோசமான அடிமை என்று நான் காட்ட வேண்டும். நல்ல பையன் என்று காட்ட அவர் வந்திருந்தார்.

என்ன சொல்ல வேண்டும் என்று சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அதனால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்தது. "நல்லா சாப்புடுவான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ரெண்டு மூணு மேகி போட்டுச் சாப்புடுவான். முன்னெல்லாம் ஒரு கவளம் ஊட்டுறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடும்." கைப்பையிலிருந்து 555 நோட்டை எடுத்தார். மாதச் செலவை அதில்தான் எழுதுவாராம். மேகி, பால் டின், கண்ணு மருந்து. அடுத்த வாரம் மறுபடி மேகி, மறுபடி கண்ணு மருந்து. ஓராண்டுக் கணக்கு.

"கண்ணு மருந்து யாருக்குக்கா?"

"அவனுக்குத்தான். கம்ப்யூட்டர் பாத்துப் பாத்துச் செவந்து போயிருக்கும்."

கஞ்சாவிலுள்ள டிஎச்சி மூளையில் பசியைக் கிளப்பும், நினைவை மழுங்கடிக்கும்; கண்ணின் ரத்தக் குழாய்களை விரித்துச் சிவக்க வைக்கும். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை. நோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மனநல மருத்துவர் அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தடுப்புக்காவலில் முதல் வாரம் பையனுக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, சட்டை நனைய வியர்த்தது என்ற குறிப்புகளும் அவரிடம் இருந்தன. தினமும் இழுக்கிறவன் திடீரென நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார். முதல் வாரம்தான் உச்சம். பதினைந்து வயதில் தொடங்கியிருக்கிறான். பதின்ம வயதில் தொடங்குகிறவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் அடிமையாவதாக ஒரு கணக்கு உண்டு. வீரியம் கூடிய சரக்கைத் தினமும் இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்க்கான வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2019இல் பெரும்பாலும் ஐரோப்பிய இடங்களை வைத்து வந்த ஆய்வு சொல்கிறது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் ஒரு பொருளை, சிபிடி, மருந்தாக்கிச் சில அரிய வலிப்பு நோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மைதான். மைலோ டின்னில் இருந்தது அந்த மருந்தல்ல.

நாளுக்கு ஒரு கிராம் என்று மருத்துவர் எழுதினார். பதினெட்டு நாள் சரக்கு. சம்பளத்திலிருந்து பணம் எடுத்த வங்கிக் கணக்கு ஒத்துப்போனது. வீட்டில் தராசு இல்லை, சிறு பிளாஸ்டிக் பைகள் இல்லை, போனில் விற்ற பேச்சு இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து அரசுத் தரப்புக்கு எழுதினோம். விசாரணைக்கு முன்பே குற்றச்சாட்டு, வைத்திருந்ததாகவும் உட்கொண்டதாகவும் குறைந்தது. சிறை உண்டு, பிரம்படி இல்லை.

தீர்ப்பு வந்த அன்று ஹேவ்லாக் சதுக்கத்தில் நீதிமன்ற வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "நான்தானே தம்பி மேகி வாங்கிப் போட்டேன்" என்றார். இத்தனை வருடத் தொழிலில் அதற்கு ஒரு பதில் கிடைத்ததில்லை.

2023 ஏப்ரல் 26ஆம் தேதி, தங்கராஜு சுப்பையா சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்தச் சதி செய்தார் என்பது குற்றம். அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபட்டதல்ல. தொலைபேசி எண்கள் வழியே அவரோடு இணைக்கப்பட்டது. அன்று மதியம் அக்கா கூப்பிட்டார். நூற்றிருபத்தேழு பவுன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். வேறெதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் லைனில் இருந்தார்.

அதற்குள் பக்கத்திலே தாய்லாந்தில், 2022 ஜூனில், கஞ்சா தடைப் பட்டியலிலிருந்து நீங்கியிருந்தது. பாங்காக்கில் இழுத்தாலும் சிங்கப்பூர்க் குடிமகனுக்கு இங்கே குற்றம்தான். மகனை அந்தப் பக்கமே விடுவதில்லை என்றார் அக்கா.

கடைசியாக அவர் கூப்பிட்டது போன வருடம். மகனுக்கு இரண்டு நாளாகக் கண் உறுத்தல், கண் வலியாகத்தான் இருக்க வேண்டும், கூட வேலை செய்கிறவர்களுக்கும் இருக்கிறதாம். சிறுநீர்ச் சோதனைகளில் எல்லாம் சுத்தம். கிளினிக்குக்குப் போய்ச் சொட்டு மருந்தும் எழுதி வாங்கியாகிவிட்டது.

"நோட்டுல எழுதலாமா தம்பி?"

"எழுதுங்கக்கா" என்றேன்.