ஐந்தடிக்கு மூன்றடியில் ஒரு மலை ரயில்

பரண்மேல் இருந்த அந்த அட்டைப் பெட்டியை நான் இறக்கியதே பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்காகத்தான். 2024 போகிக்கு முந்தின வாரம். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வலது கால் ஒருவாறு தேறிவிட்டது. வலது கைதான் சண்டி பண்ணிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் ஒரு பொம்மை ரயில். ஜெர்மனியில் இருக்கும் என் நாத்தனார் மகன், என் பையனுக்கு எட்டு வயசாக இருந்தபோது வாங்கி வந்து கொடுத்தது. ஒரு நீராவி எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டும் தண்டவாளத் துண்டுகள், மின்சாரம் கொடுக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. பையன் நாலு நாள் ஓட்டிவிட்டுக் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான்.

வாசலுக்குக் கொண்டு போகும்போது, சாய்வு நாற்காலியில் இருந்த இவர், "அதை எங்கே எடுத்துட்டுப் போறே?" என்றார்.

"காப்பி ஆறிப்போச்சு", "ஃபேனைக் குறை" இந்த இரண்டையும் தவிர, அவராக என்னிடம் பேசியது எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டேன்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்சியில் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். 1928-லிருந்து இருக்கிற பணிமனை அது. என் மாமனாரும் அங்கேதான் வேலை பார்த்தார். நீலகிரி மலை ரயிலுக்கு 2011-ஐ ஒட்டிப் புது நீராவி எஞ்சின்கள் செய்தார்களே, அது இங்கேதான். அந்த வேலையில் இவர் கையும் உண்டு. மயிரிழை வித்தியாசத்தை விரலால் தடவியே சொல்கிற கை. அந்தக் கைக்குத்தான் நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பிசியோதெரபி சொல்லிக் கொடுக்க வரும் பெண் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து, "தினம் நூறு தடவை அமுக்குங்க அங்கிள்" என்பாள். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் பந்து கட்டிலுக்கடியில் உருளும். பெருக்கும்போது எடுத்து மேஜைமேல் வைப்பது என் தினசரி வேலைகளில் ஒன்று.

அன்றைக்குத் தரையில் தண்டவாளத்தைப் பூட்டிப் பார்த்தோம். எஞ்சின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்ததில் உள்ளே இருந்த மசகு காய்ந்து பிசினாகிவிட்டதாம். இவர் இடது கையால் திருகாணியைக் கழற்ற, நான் எஞ்சினைப் பிடித்துக்கொள்ள, காய்ந்ததைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டோம். ("ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான். தோசைக்கு ஊத்தற மாதிரி ஊத்தாதே!") சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ரயில் எங்கள் கூடத்தில் ஒரு சுற்று சுற்றியது. இவர் சிரித்தார் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் போனா வேகம் குறையுது பார்" என்றார்.

குறை கண்டுபிடித்துவிட்டால் இவருக்கு உயிர் வந்த மாதிரி. மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் சக்கரத்துக்கு வருகிறதாம். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தூரத்து வளைவுக்குப் போவதற்குள் பலம் போய்விடுகிறது. எதிர்ப்புறத்திலும் இரண்டு ஒயர் பற்ற வைத்தால் சரியாகிவிடும் என்றார். பற்ற வைத்தது நான்! சூட்டுக்கோலைத் தொட்டு உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் உருகிவிடும். இரண்டு கட்டைகளை உருக்கிய பிறகு பழகிவிட்டது. கடுகு வெடித்ததும் அடுப்பிலிருந்து இறக்குகிற பக்குவம்தான், வேறொன்றுமில்லை.

அப்புறம் ஆசாரியை வரவழைத்து, ஐந்தடிக்கு மூன்றடியில் ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் சட்டம் அடித்து வாங்கினோம். எங்கள் தண்டவாள வளைவின் ஆரம் 36 சென்டிமீட்டர், அதனால் மூன்றடி அகலம் தாராளம். பலகை, கூலி எல்லாமாக இரண்டாயிரத்துச் சொச்சம். பையனின் பழைய மேஜைமேல் அதைப் போட்டோம். இவர் உட்கார்ந்தபடியே கை எட்ட வேண்டும் என்று மேஜைக் காலை நாலு அங்குலம் அறுத்தேன். பையன் போனில், "அம்மா, என் மேஜையா?" என்று அலறினான்.

இதெல்லாம் 87-ல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டதாம். நிஜத்தில் 87 அடி என்றால் இங்கே ஒரு அடி. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் வெளிநாட்டுப் பாதையின் அகலம் வருகிறதே தவிர, நம் அகலப் பாதையும் இல்லை, மீட்டர் பாதையும் இல்லை. மலை ரயிலோ மீட்டர் பாதையில் ஓடுவது. இதற்காக இவர் இரண்டு நாள் வருத்தப்பட்டார். அப்போதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. நம் அகலப் பாதை ஐந்தடி ஆறங்குலம். இவர் உயரமும் சரியாக அதுதான்! "தண்டவாளத்துக்கு நடுவில் குறுக்கே படுத்தா கச்சிதமா இருப்பேன்" என்றார். "அந்த மாதிரிப் பேச்செல்லாம் வேண்டாம்" என்று நான் அதட்டினேன். அந்த ஆறு மாதத்தில் அவர் என்னென்ன நினைத்துக்கொண்டிருந்தாரோ, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவரோ கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்டேஷனில் அவர் நின்றால் 19 மில்லிமீட்டர் உயரம் இருப்பாராம். ஐந்தடி உயரமுள்ள நான் பதினேழரை.

மலை ரயில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் ஓட ஆரம்பித்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் அதிகம் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவில் பற்கள் வைத்த பட்டை உண்டு. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறும். அதுவும் எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஏற்றம் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி.

எங்கள் எஞ்சினுக்கு ஏது பல்? புத்தகங்களை அடுக்கி ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தோம். முப்பது அடிக்கு ஓரடி ஏற்றத்துக்கே மூச்சு வாங்கியது. அதற்குமேல் சக்கரம் வழுக்கியது. இவர் முகம் தொங்கிவிட்டது.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மாமி கொலுவுக்குப் பார்க் கட்டிக் கொடுப்பது சின்ன வயசிலிருந்து என் வேலை. பார்க்கில் மலை வேண்டுமென்றால் மலையையா தூக்குவோம்? பக்கத்தில் குளத்தைத் தோண்டினால் மேடு தானாகத் தெரியும். "ரயில் ஏறவே வேண்டாங்க. சமதளத்திலேயே ஓடட்டும். நிலத்தை இறக்கிடலாம்" என்றேன். பலகைமேல் இரண்டு அங்குல தெர்மோகோல் போட்டு, அதன்மேல் தண்டவாளம். ஒரு பக்கம் தெர்மோகோலை ஆழமாக வெட்டி எடுத்துவிட்டால் பள்ளத்தாக்கு. அதன் குறுக்கே பாலம். மறுபக்கம் அடுக்கி உயர்த்தினால் பாறைச் சரிவு. இவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "எட்டாவது பாஸ் பண்ணினவங்களை ஃபோர்மேனா போட்டிருக்கலாம்" என்றார். நான் பத்தாவது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

தவறு செய்யாமலும் இல்லை. தெர்மோகோலை ஒட்ட, செருப்புக்கடைப் பசையைத் தடவினேன். கண்ணெதிரே அது உப்புக்கல் மாதிரி கரைந்து குழி விழுந்தது. அப்புறம் ஃபெவிகால்தான். முதலில் கட்டிய குகையை முழுக்க மூடிவிட்டேன். உள்ளே ரயில் கவிழ்ந்தபோது கை நுழையவில்லை, உடைத்துத்தான் எடுத்தோம். இப்போது குகையின் மேல்பகுதியைப் பாத்திர மூடி மாதிரி எடுக்கலாம். தண்டவாளத்து ஜல்லிக்கு ரவையைக் கொட்டினேன். பார்க்க அசல் ஜல்லி! பத்தாம் நாள் எறும்பு, இருபதாம் நாள் வண்டு. பார்க்கில் செய்வதுபோல் கேழ்வரகு தூவி முளைக்க வைக்கலாம் என்றதற்கு மட்டும் இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஈரம் பட்டால் பலகை உப்பிவிடும்.

கடைசியில் ஜல்லிக்கு ஆற்று மணல். கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து எடுத்தேன். "காந்தத்தை ஓட்டு" என்றார். ஓட்டினால், கருகருவென்று பொடி ஒட்டிக்கொண்டு வருகிறது! அது மோட்டாருக்குள் இருக்கிற காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் தொலைந்தது. நாலு தடவை ஓட்டி எடுத்தோம். தேயிலைத் தோட்டத்துக்கு மண், காய்ந்த தேயிலைச் சக்கை. செடிகள், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கத்தரித்த துணுக்குகள். ஒரு மாதம் எங்கள் வீட்டில் டீக்குப் பஞ்சமே இல்லை.

மணலைத் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவில் தூவிவிட்டு, ஃபெவிகாலில் சம அளவு தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டும் கலந்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உருண்டு நிற்கும், மணலுக்குள் இறங்காது. குழந்தைகளுக்கு மருந்து விடும் ரப்பர் தலை வைத்த சொட்டுக்குழாயை எடுத்து வந்து வைத்தேன். ஒன்றும் யோசித்து வைக்கவில்லை, வீட்டில் இருந்தது அது. இவர் அதை இடது கையில் எடுத்துப் பார்த்து, அப்புறம் வலது கைக்கு மாற்றினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த ரப்பரை அமுக்க முடியாமல் நடுங்கின. பசை நாலு சொட்டாகக் கொட்டியது. மறுபடி. மறுபடி. ஒரு மணி நேரத்தில் ஒரு ஜாண் தூரம் முடிந்தது. பந்தை நூறு தடவை அமுக்காதவர் அன்றைக்கு எத்தனை தடவை அமுக்கினார் என்று நான் எண்ணவில்லை.

இதற்கப்புறம் நான் செய்த காரியத்தைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்று நாள் ஆகியும் பாதிகூட முடியவில்லை. மணல் அங்கங்கே மேடும் பள்ளமுமாக, கட்டையின் மேலெல்லாம் வழிந்து கிடந்தது. ராத்திரி அவர் தூங்கின பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விடிகாலை இரண்டு மணிக்குள் மிச்சத்தை முடித்துவிட்டேன், அவர் செய்ததையும் பிரஷ்ஷால் நனைத்துச் சமப்படுத்தி. கோலம் போடுகிற கை, சும்மாவா? கச்சிதமாக வந்தது. காலையில் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். நாற்காலிக்குப் போய்விட்டார். நாலு நாள் அந்த அறைக்குள் வரவில்லை. "காப்பி ஆறிப்போச்சு", "ஃபேனைக் குறை".

ஐந்தாம் நாள், அவர் குளிக்கப் போயிருந்தபோது, வெந்நீரைத் தெளித்து ஊறவைத்தேன். ஃபெவிகால் இளகிவிடும். தேக்கரண்டிக் காம்பால் நான் போட்ட அத்தனை மணலையும் வழித்து எடுத்துவிட்டேன். மணலைக் கிண்ணத்தில் போட்டு, சொட்டுக்குழாயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தேன். மத்தியானம் வரை எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே எதையோ தட்டிவிட்ட சத்தம், "சே!" என்ற சத்தம் எல்லாம் கேட்டது. எழுந்து போகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்குத் தேவைக்குமேல் ஒரு கிலோ வெங்காயம் நறுக்கிவிட்டேன்.

முழுச் சுற்றும் முடிக்க இருபத்திரண்டு நாள் ஆயிற்று. கை முழுசாகத் திரும்பிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்னமும் எழுத்து கோணல்தான். நாற்காலி வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், போய் வருகிறார். சட்டையில் மேல் பொத்தானைத் தவிர மற்றதைத் தானே போட்டுக்கொள்கிறார். டாக்டர் சொன்ன பயிற்சியும் மருந்தும் தனியாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. பந்து இப்போது மேஜைமேலேயே இருக்கிறது, அது வரை சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்டவாளம் துடைக்கும் நாள். அழுக்கு ஏறினால் எஞ்சின் திக்கித் திக்கி ஓடும். உப்புத்தாள் போடவே கூடாது. கீறல் விழுந்து அதில் அழுக்கு இன்னும் சேரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். துணி வலது கையில்தான்.

தீபாவளிக்கு வந்த பையன், கன்னத்தைப் பலகைமேல் வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தான். "அப்பா, குகை தாண்டி ஜல்லி ஒரே மேடு பள்ளமா இருக்கே. நான் எடுத்துட்டு நல்லா போட்டுத் தரட்டுமா?" என்றான்.

"தொடாதே!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தியதில், பாவம், பிள்ளை பயந்தே போய்விட்டான்.

இப்போது இவருக்கு அடுத்த யோசனை வந்திருக்கிறது. மலை ரயில் வழியில் நின்று தண்ணீர் பிடிக்குமாம், அதனால் ஸ்டேஷனில் ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டுமாம். காலியான இருமல் மருந்துக் குப்பியின் மூடி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். "உயரம் சரியா இருக்குமா? 87-ஆல் வகுத்துப் பாரு" என்கிறார்.