மிதித்தவர் யார்?

ஹாலே நகரில் எமது மகன் தனது காருக்கு 1000 வாற் அம்பிளிபயர் பூட்டினான். பாடல் அதிருந்தோறும் முகப்பு விளக்குகள் மங்கின. பெரிய பற்றறி போதுமென எண்ணினான். மெக்கானிக் மறுத்தார். 12 வோல்ற்றில் அதற்கு 80 அம்பியருக்கு மேல் வேண்டும். பற்றறி சேமிக்குமேயன்றிப் பிறப்பிக்காது. எஞ்சினோடு சுழலும் மின்பிறப்பாக்கியே வலுப்பெற வேண்டும். தடித்த செப்புக் கம்பியும், தீ மூளாதிருக்கப் பற்றறியருகே உருகியும் அவசியம் என்றார்.

கலைப் பட்டதாரியாகிய எமக்கும் இது புரிந்தது. 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, தைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சுழற்றுபவர் களைத்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

“யாரப்பா சுழற்றினது?” என்றான் மகன்.

“உன் சித்தப்பா.”

போரில் இழந்த தம்பியின் பெயரை அன்றுதான் அவனுக்குச் சொன்னோம்.