றிக் எண்டா முதுகு

ஸ்கொட்லாந்து விவசாயிகளின் பழைய சொல் ஒன்று ‘றிக்’. அதன் மூல அர்த்தம் முதுகு. நாங்க ஆங்கிலத்தில் படிக்கிற ‘றிட்ஜ்’ என்ற சொல்லுக்கும் இதுக்கும் ஒரே வேர்தான். நிலத்துக்கு அடியில் வடிகால் குழாய் போடாத காலம் அது. உழும்போது மண்ணை நடுவை நோக்கிப் புரட்டி நீள மேடாக்கினால் மழைத்தண்ணி ரெண்டு பக்கமும் வடிஞ்சிடும். அந்த மேடுதான் றிக்.

‘றன்றிக்’ என்பது பங்கீட்டு முறை. ஒருத்தருக்கு ஒரே துண்டாக் காணி இல்லை. நல்ல மண்ணிலயும் மோசமான மண்ணிலயும் ஆளுக்குச் சில றிக்குகள். சில இடங்களில் காலத்துக்குக் காலம் சீட்டுப் போட்டு மாத்திக்கொண்டார்கள்.

இதை நாங்க சொர்க்கமாக்கத் தேவையில்லை. அடுத்தமுறை இன்னொருத்தரிட்டப் போகப்போற மண்ணுக்கு ஆர் மினக்கெட்டு உரம் போடுவினம்? வேலைக்குப் பதிலாச் சின்னத் துண்டு மட்டும் பெற்ற ‘கொட்டர்’ குடும்பங்களுக்கு இந்த முறையிலும் பெரிய பங்கு கிடைக்கேல்ல. ஆனா 18ஆம் நூற்றாண்டில் நிலவுடைமையாளர்கள் ‘முன்னேற்றம்’ எண்டு சொல்லி றிக்குகளைச் சேர்த்துத் தனிப் பண்ணைகளாக்கினபோது, இருந்த துண்டும் பறிபோய் ஊரை விட்டுப் போனவர்களில் அந்தக் குடும்பங்கள் ஏராளம். விளைச்சல் கூடினது உண்மை. அந்த விளைச்சலில் அவர்களுக்குப் பங்கில்லை என்பதும் உண்மை.

சொல் மட்டும் சாகேல்ல. 1973இல் ஸ்கை தீவில் தொடங்கின இசைக்குழு ஒன்று ‘றன்றிக்’ எண்டே பேர் வச்சு, 2018 வரை கேலிக்கிலும் ஆங்கிலத்திலும் பாடினது.

இனி ‘முன்னேற்றம்’ எண்டு ஆரும் சொன்னா, அது ஆற்ற முதுகில எண்டு கேட்டுப் பழகுவம்.