துறைமுகத் தீவில் பறவைக் கணக்கு

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் உப்பும் கப்பலும் நினைவுக்கு வரும், பறவை வருவதில்லை. ஆயினும் துறைமுகத்தை ஒட்டியுள்ள முயல் தீவின் மணற்கரையில் தை மாத விடியற்காலையில் நின்று பார்த்தவர்கள், அந்தப் பட்டியல் போதாது என்றே சொல்வார்கள். வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் குஞ்சு பொரித்த கல்திருப்பி உள்ளான், நிலக்கரி இறக்கும் ஓசையைப் பொருட்படுத்தாமல் சிப்பியைப் புரட்டி இரை தேடிக்கொண்டிருக்கும். (மண்டபத்திற்கு அருகிலுள்ள முசல் தீவு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடந்துவருகிறது. எண்ணுவோர் தொண்டர்கள், ஊதியம் கிடையாது. நம் விலங்கியல் துறை மாணவர் சிலரோடு நானும் அதில் சேர்ந்தேன். எண்ணுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒருமுறை வந்து பார்க்கட்டும்! வற்றத்தின்போது பறவைகள் சேற்றுவெளி எங்கும் சிதறி மேயும். நம் கடற்கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்றாலும், தட்டையான கரையில் அதுவே பெரிய பரப்பை மூடிவிடும். அப்போது அவை எஞ்சிய மணல்திட்டில் ஒன்றாகக் கூடி நிற்கும். அதுவே எண்ணும் வேளை. முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவுகோலால் கூட்டம் முழுவதையும் அளக்க வேண்டும். பாதியில் ஒரு பருந்து தோன்றினால் போதும், எல்லாம் எழுந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வரும் விருந்தாளிகளில் என் மனத்தைக் கவர்ந்தது நண்டு தின்னும் உள்ளான். கறுப்பும் வெளுப்புமான உடல், தடித்த அலகு. அரபுநாட்டுக் கடற்கரைகளில் மணலைக் குடைந்து வளைக்குள் ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். கரைப்பறவைகளில் இப்படி வளை தோண்டி முட்டையிடுவது இது ஒன்றே. ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான் என்னும்போது, குளிர்காலத்தில் நிற்க ஒரு திட்டு இல்லாமற்போவது அதற்குச் சிறிய இழப்பன்று.

திட்டுகளோ தேய்ந்துகொண்டிருக்கின்றன. 1986-இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்ததால், அலையைத் தடுக்கும் அரண் தளர்ந்தது. 2001-இல்தான் பவளத்திற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. வான் தீவைக் காக்க 2015-க்குப் பின் கான்கிரீட்டால் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள்.

வனத்துறை அனுமதியுடன் வான் தீவுப் பக்கம் எங்களை அழைத்துச் சென்ற படகோட்டி எழுபதைத் தாண்டியவர். விலாங்குசல்லி மேலே இருந்த காலத்தில் அங்கே இறங்கி நடந்தவர். "அங்க என்ன பறவை தாத்தா இருந்தது?" என்று கேட்டோம்.

"ஆலா கெடக்கும் தம்பி, உள்ளான் கெடக்கும். எக்கச்சக்கம்."

எக்கச்சக்கம் என்றால் நூறா, ஆயிரமா? எங்கள் படிவத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கிறது. அந்தத் தீவு அவர் நினைவில் மட்டும் மிதக்கிறது. அந்த நினைவிலும் எண்ணில்லை. அன்று நாங்கள் தேடிய நண்டு தின்னும் உள்ளான் ஒன்றுகூடத் தென்படவில்லை. பூச்சியம் என்றே எழுதினோம், அதுவும் கணக்குதானே!

திரும்பும்போது அவரே கேட்டார்: "போன வருசத்துக்கு இப்பக் கூடவா, கொறைவா?"

"ஒரு வருஷத்தை வைத்துச் சொல்ல முடியாது தாத்தா. இன்னும் பத்து வருஷமாவது எண்ணினால்தான் தெரியும்."

அவர் வான் தீவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அதுவரைக்கும் இது கெடக்கணுமே" என்று சொல்லி, எஞ்சினை முடுக்கினார்.