ரத்தம் சொன்ன பொய்

காகிதத்தில் இருந்தது ஒரே ஒரு வரி. வி.டி.ஆர்.எல்.: ரியாக்டிவ், 1:4. பெங்களூர் அல்சூரில் குடியிருந்த அந்த 27 வயதுப் பெண் 2014 ஜூனில் அதைக் கையில் வாங்கியபோது, அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது மாதம். முதல் கரு பதினோராவது வாரத்தில், ரத்தப் பரிசோதனைகள் எடுக்கும் முன்பே கலைந்திருந்தது. இந்த முறையாவது நிற்க வேண்டும் என்று சோமேஸ்வரர் கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா. அவருக்கும் டெஸ்ட் எடுக்கணும்" என்றார் அந்தத் தனியார் மருத்துவமனையின் டாக்டர். வேறு விளக்கம் எதுவும் இல்லை. வெளியே வந்தபின் நர்ஸ்தான் தாழ்ந்த குரலில் சொன்னாள்: சிஃபிலிஸ்.

கணவனுக்கு அச்சகத்தில் வேலை. அவனும் ரத்தம் கொடுத்தான். அவனுக்கு நோய் இல்லை என்று வந்தது. நிம்மதி தந்திருக்க வேண்டிய அந்த முடிவுதான் வீட்டைப் பிளந்தது. மாமியார் ஒரே கேள்விதான் கேட்டார்: "அவனுக்கு இல்லேன்னா உனக்கு எங்கேருந்து வந்துச்சு?" கணவன் எதுவும் கேட்கவில்லை. பத்து நாட்கள் பேசவும் இல்லை.

பேச்சுவழக்கில் பால்வினை நோய்க்குப் 'பொம்பளைச் சீக்கு' என்று பெயர். பழி யார் மேல் என்பது பெயரிலேயே இருக்கிறது. பெங்களூருக்கு இது புதிதும் அல்ல. 1809இல் உருவான கண்டோன்மெண்டில், வெள்ளைச் சிப்பாய்களை இந்நோயிலிருந்து காக்க 'லாக் ஆஸ்பத்திரி' நடத்தினார்கள். 1868ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் பெயரைப் பதிவு செய்து, கட்டாய உடல் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இருந்தால் உள்ளே அடைப்பார்கள். சிப்பாய்களை அந்தச் சட்டம் தொடவில்லை. 1888இல் சட்டம் போயிற்று. மனோபாவம் போகவில்லை.

அவளுக்கு இரண்டு வருடங்களாகவே உடம்பு சரியில்லை. காலையில் எழுந்தால் விரல் மூட்டுகள் மடங்காது. முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. 'போர்வெல் தண்ணி' என்றார்கள். வெயிலில் போனால் கன்னம் சிவந்தது, 'அலர்ஜி' என்றார்கள். வாயில் அடிக்கடி புண் வந்தது, 'சூடு' என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆடி பிறந்த வாரம், அவளுடைய அண்ணன் அவளை ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே மூத்த டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளங்கையையும் பாதத்தையும் திருப்பிப் பார்த்தார். "இது வேற மாதிரி இருக்கும்மா. இன்னொரு டெஸ்ட் எடுத்துடுவோம்" என்றார்.

அவர் உள்ளங்கையைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. சிஃபிலிஸை மருத்துவ உலகம் 'வேஷக்கார நோய்' என்றே சொல்லி வந்திருக்கிறது. 1905இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட அதன் கிருமி, திருகுச் சுருள் போன்றது. முதலில் வலியில்லாத ஒரு புண். அது தானே ஆறிவிடும். அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும். சில வாரங்களில் உள்ளங்கை, உள்ளங்கால் வரை தடிப்பு, வாய்ப்புண், முடி உதிர்வு. கண், காது, ஈரல், சிறுநீரகம் எதையும் அது தொடலாம். கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகள் கழித்து இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வீங்கும், மூளை கெடும். மனநோய் விடுதிகளில் ஒரு காலத்தில் பைத்தியம் என்று அடைபட்டுக் கிடந்தவர்களில் பலர் சிஃபிலிஸ் நோயாளிகளே. 1913இல் அத்தகையவர்களின் மூளையில் இந்தக் கிருமியையே கண்டார்கள். ஓசூர் சாலையில் இன்றைய நிம்ஹான்ஸுக்கு முன்னோடியான மனநல மருத்துவமனை வளர்ந்ததும் பென்சிலின் வராத அந்தக் காலத்தில்தான்.

லூபஸும் இதே வேஷங்களைப் போடும். தோல், வாய், முடி, மூட்டு, சிறுநீரகம், இதய உறை, நுரையீரல், மூளை. ஆனால் உள்ளே கிருமி இல்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, சொந்த உடலையே அந்நியன் என்று எண்ணித் தாக்குகிறது. அது உண்டாக்கும் எதிர்ப்பொருள் கூட்டுகள் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிந்தால், சிறுநீரில் புரதம் ஒழுகும். லூபஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அதுவும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள்.

ரத்தம் பொய் சொன்னது எப்படி? வி.டி.ஆர்.எல். சோதனை கிருமியைத் தேடுவதில்லை. 1941இல் மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளுக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. சிஃபிலிஸில் அது உண்டாகும். லூபஸிலும் உண்டாகலாம். கர்ப்பத்திலும் வேறு சில நோய்களிலும்கூட இந்தத் தவறு நேர்வதுண்டு. பொய்யான ரியாக்டிவ் முடிவு வந்த சிலருக்குப் பின்னாளில் லூபஸ் வந்ததை 1952இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். இதே வகை எதிர்ப்பொருள்கள் ரத்தத்தை உறைய வைத்துக் கருவைக் கலைக்கும் என்பதை 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விளக்கினார்.

கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளையே தேடும் டி.பி.எச்.ஏ. சோதனையில் அவளுக்கு நோய் இல்லை என்று வந்தது. லூபஸுக்கான சோதனைகள் ஆம் என்றன. கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள் நிறைய இருந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் இருந்தது. முதல் கரு கலைந்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

ஆஸ்பிரின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், தினமும் வயிற்றில் ஒரு ஹெப்பாரின் ஊசி. டாக்டர் கணவனை உட்காரவைத்துப் பேசினார். "உங்க மனைவி மேல தப்பில்லை" என்பதோடு நிறுத்தவில்லை. "சிஃபிலிஸாவே இருந்திருந்தாலும் தப்புன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு ஊசி இருக்கு, சரியாகிடும். சந்தேகத்துக்குத்தான் ஊசி இல்லை" என்றார்.

அது வெறும் ஆறுதல் அல்ல. ஆரம்ப நிலை சிஃபிலிஸுக்கு 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஒரே ஊசி போதும். கர்ப்பிணிக்குச் சரியான நேரத்தில் போட்டால் பிள்ளையும் தப்பிக்கும். வெட்கத்தால் மறைத்தால்தான் பிள்ளை இறந்து பிறக்கலாம். ஆகவே சோதனையே வேண்டாம் என்பதல்ல பாடம். முதல் சோதனை சந்தேகத்தை மட்டுமே சொல்லும். இரண்டாவது சோதனைக்கு முன் யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. மாற்றி வைத்தியம் பார்த்தாலும் ஆபத்து: சிஃபிலிஸை லூபஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

ஊசி போடக் கணவன் கற்றுக்கொண்டான். முதல் நாள் கை நடுங்கியது. மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரவே இல்லை. ஆறு மாதம் தினமும் ஒரே நேரத்துக்கு ஊசியோடு வந்து நின்றான். டிசம்பரில், 37ஆவது வாரத்தில், பெண் குழந்தை பிறந்தது. மாமியார் மூன்று மாதம் பத்தியம் சமைத்துப் போட்டார். அந்தக் கேள்வியை யாரும் மறுபடி பேசவில்லை. அவள் மறக்கவும் இல்லை.

லூபஸ் அவளை விட்டுப் போகாது. மாத்திரை தொடர்கிறது; சில மாதங்களுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். புது டாக்டர் யாரிடம் போனாலும், நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முதலில் சொல்வது இதைத்தான்: "டாக்டர், வி.டி.ஆர்.எல். எடுத்தா எனக்கு ரியாக்டிவ்னு வரும். அது சிஃபிலிஸ் இல்லை, லூபஸ்." பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் குரலைத் தாழ்த்துவதில்லை.