நுவரெலியாவில் ஒரு வனக்குளியல்

நுவரெலியாவுக்குச் செல்வோர் பெரும்பாலும் கிரகரி வாவியையும் விக்டோரியாப் பூங்காவையும் பார்த்து, லீக்ஸும் கரட்டும் வாங்கிக்கொண்டு மறுநாளே மலையிறங்கிவிடுவர். சித்திரை மாதத்தில் வசந்தகால விழாவுக்கென வருவோருக்கோ சனநெருக்கடியே காட்சியாகிவிடும். நகரைச் சூழ்ந்து நிற்கும் காட்டினுள் அரைநாளேனும் சும்மா இருந்து வருவோர் மிகச் சிலரே.

அவ்வாறு சும்மா இருப்பதற்கு யப்பானியர் ஒரு பெயரே சூட்டியுள்ளனர். 1982ஆம் ஆண்டில் அந்நாட்டு வனத்துறை அறிமுகப்படுத்திய ‘ஷின்ரின் யோக்கு’ என்னும் சொல்லை நாம் வனக்குளியல் எனலாம். இதற்கு நீர் வேண்டுவதில்லை. (எம்முடன் வரவிருந்த அன்பரொருவர், துவாய் கொண்டுவர வேண்டுமா என்று மெய்யாகவே கேட்டார்!) மெல்ல நடப்பதும், நிற்பதும், மரத்தடியில் அமர்ந்து இலையின் வாசத்தையும் பறவையின் ஒலியையும் உள்வாங்குவதுமே இக்குளியல். காட்டில் இவ்வாறு சிறிது நேரம் கழித்தோரிடம் இரத்த அழுத்தமும், மனவழுத்தத்தின்போது மிகும் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பும் குறைந்தமையை யப்பானில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காக, மருந்து உண்பவர் அதனை நிறுத்திவிட்டு மலையேறலாகாது.

எமது எண்ணத்தில் இதற்கு மிகப் பொருத்தமான இடம் கல்வேஸ்லாந்து வனமே. நகரிலிருந்து நடந்தே செல்லலாம். 1938இல் சரணாலயமாகவும் 2006இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட இவ்வனம் சுமார் 27 ஹெக்டேர் பரப்பே உடையது. யானையையும் கரடியையும் எதிர்பார்த்து வருபவர் ஏமாந்து போவர். சிறிய காடென்பதே இங்கு ஒரு வசதி. வழிதவறும் அச்சமின்றி, பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லலாம். பாசி படர்ந்த அடிமரங்களினிடையே ஒரு மணிநேரம் அசையாதிருந்தால் பறவைகள் தாமாகவே அருகில் வரும். குளிர்காலத்தில் காசுமீரத்திலிருந்து இத்துணைத் தூரம் பறந்துவந்து தங்கும் செம்மார்புச் சிறு ஈபிடிப்பானைக் காணவென்றே வெளிநாட்டார் பலர் இங்கு வருகின்றனர்.

வெலிமடை வீதியில் சீதா எலிய அம்மன் கோயிலைத் தாண்டி, நகரிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவில் ஹக்கல தாவரவியற் பூங்கா உள்ளது. காய்ச்சலுக்குரிய கொயினா மருந்தைத் தரும் சிங்கோனா மரங்களை வளர்ப்பதற்கென 1861இல் தொடங்கப்பட்ட தோட்டம் இது. இராவணனின் அசோகவனம் இதுவே என்பர். ரோசாப் பாத்திகளருகே படம் பிடிப்போரை விட்டு மேற்புறமாகச் சென்றால், பின்னே எழும் ஹக்கல மலைக்காட்டின் காற்று முகத்தில் படும். அக்காடு முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கம். உல்லாசப் பயணிகள் உட்செல்ல அனுமதியில்லை. அதன் விளிம்பில் அமர்ந்திருப்பதே போதுமானது. அடர்ந்த உரோமமுடைய மலைக்குரங்குகள் கிளைக்குக் கிளை தாவுவதை அங்கிருந்தே காணலாம்.

ஹோர்ட்டன் சமவெளியைப் பற்றி எமக்கு இருமனம். 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகிய அந்நிலத்தின் பெருமையில் ஐயமில்லை. ஆயினும் வருவோர் அனைவரும் மூடுபனி ஏறுமுன் உலக முடிவைக் கண்டுவிட வேண்டுமென்று ஓட்டமாய் ஓடுகின்றனர். ஓடிக்கொண்டே குளிக்க இயலுமா?

ஹற்றன் பக்கத்தில் நாம் சென்றது பெயர்பெற்ற இடமொன்றன்று; தேயிலை மலையொன்றின் உச்சியில் எஞ்சிநின்ற காட்டுத்துண்டு. இத்தகைய துண்டுகள் எவ்வாறு எஞ்சின என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் இம்மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. 1873இல் தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென ஆங்கில அரசு தடைவிதித்தது. அத்தடை இல்லாதிருப்பின் இன்று நாம் குளிப்பதற்கு வனமே இராது. வெட்டிய சில சரிவுகளிற் பின்னர் பைனஸும் யூகலிப்டஸும் நட்டனர். அவை தொலைவில் அழகுதான். உள்ளே சென்றாற் பறவையொலி குறைவு, நிலத்திற் சருகைத் தவிர வேறெதுவும் அதிகமில்லை.

தோட்டத்தாரிடம் அனுமதி பெற்று ஏறும்போது, கொழுந்துக் கூடையுடன் இறங்கிவந்த பாட்டியொருவர் எம்மை நிறுத்தி விசாரித்தார். செய்தியைச் சொன்னோம். “காட்டுல சும்மா ஒக்காந்திருக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீங்களா, தம்பி?” என்று சிரித்தார். “நாங்க வெறகுக்குத்தான் போவோம். வெறுங்கையோட போய்வந்தது கெடையாது.”

“அப்படியானால் காடு உங்களுக்கு விறகு மட்டுந்தானா, பாட்டி?” என்றோம்.

“மேல மரம் நின்னாத்தானே கீழ பீலியில தண்ணி!” என்று கூறிவிட்டு நடையைக் கட்டினார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. இம்மலைக் காடுகள் மழையை மட்டுமன்றி மூடுபனியையும் பிடிக்கின்றன. இலையிலும் பாசியிலும் படிந்த ஈரம் துளித்துளியாகச் சொட்டி மண்ணிலிறங்கி ஊற்றாகின்றது. லயங்களின் பீலிகளுக்கு நீர் தருவது அவ்வூற்றே. மகாவலிக்கும் களனிக்கும் நீரளிப்பவையும் இம்மலைகளே.

தேயிலைக்கும் காட்டுக்கும் இடையே சிறுத்தைகளும் உலாவுகின்றன. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக்கம்பியிற் சிக்கியது. மீட்டு, உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சையளித்தும் சில நாட்களில் இறந்துபோனது. காட்டுப்பன்றிக்கென வைக்கும் கம்பி, வருவது எதுவென்று பார்ப்பதில்லை. ஆகவே இத்துண்டுக் காடுகளுக்குட் செல்வோர் இடமறிந்த ஒருவரைத் துணைக்கொண்டு, பகலிலேயே திரும்பிவிட வேண்டும்.

தை முதல் பங்குனி வரை காலநிலை பெரும்பாலும் தெளிவாயிருக்கும். காலையிற் குளிர் கடுமை, கம்பளிச் சட்டை அவசியம். வைகாசிக்குப் பின் ஹற்றன் பக்கம் தென்மேற்குப் பருவமழை பெய்யும். அட்டைக் கடியும் அதிகம். கால்களிற் சவர்க்காரத்தைப் பூசிக் காயவிட்டு நடப்பது தோட்டத்தார் கைக்கொள்ளும் முறை. எமது கூட்டத்தில் அதைச் செய்ய மறுத்தவர் ஒருவரே. மாலையில் அவருடைய காலுறையைக் கழற்றியபோது ஏழு அட்டைகளை எண்ணினோம்.